புல்லும் ஒரு முதல்தான்

காணி போதவில்லை, மாடுகளை விற்கப் போகிறேன் என்கிறார் கொடகவெலயில் கடைக்கார நானா ஒருவர். எனக்கு உடன்பாடில்லை. அவிழ்த்துவிட்ட மாடு நேற்றுக் கடித்த இளந்தளிரையே இன்றும் தேடிப் போகும். புல் துளிர்ப்பது அடித்தண்டிலும் வேரிலும் உள்ள சேமிப்பைக் கொண்டு. அது மீளுமுன் மறுபடி கடிபட்டால் வேர் சுருங்கும், களை ஏறும், பிறகு தீவன மூட்டைக்குக் காசு. கைமுதலைக் கரைக்கும் வியாபாரம்!

2021, 2022இல் பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் பெரும்பங்கு வரும் நியூசிலாந்தில் மேய்ச்சல் தரையைப் பல துண்டாக்கி, மின்கம்பி இழுத்து, மாடுகளைத் துண்டுக்குத் துண்டு மாற்றுகிறார்கள். மழையில் புல் விரைவில் எழும். வரட்சியில் கூடுதல் ஓய்வு வேண்டும். பிரான்சின் ஆந்த்ரே வாய்சன் 1957இலேயே இதை எழுதிவிட்டார். இரண்டு ஏக்கரை ஆறு துண்டாக்க மின்கம்பிகூட வேண்டாம். கிளிசரியா கதியால் வேலி போதும், அதன் இலையும் மாட்டுக்குத் தீனி.