மேற்கோள் எண்ணிக்கையும் அறிவின் எடையும்

சென்ற வாரம் ஜலகண்டாபுரத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, தறி ஓட்டும் சகோதரர் ஒருவர் கைப்பேசியில் வந்த விளம்பரத்தை நம்மிடம் காட்டினார். "ஹஜ்ரத், இந்தப் பேராசிரியர் உலகத்துலயே சிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்ல ஒருத்தராம். மகளை இவர்கிட்ட பி.எச்டி. சேர்க்கலாங்களா?"

இக்கேள்வி அவருடையது மட்டுமல்ல. அல்ஹம்துலில்லாஹ், நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், ஆய்வுப் படிப்பு வரை வருகிறார்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்தான் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

ஒருவரின் கட்டுரையை மற்றோர் ஆய்வாளர் எடுத்துக்காட்டினால் அது ஒரு மேற்கோள். 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது 'எச் இண்டெக்ஸ்' 20. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த கணக்கு இது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழு, ஸ்கோபஸ் தரவுகளைக் கொண்டு வெளியிடுவதுதான் அந்த 2 சதவீதப் பட்டியல். அதில் இடம்பெறுவது குற்றமல்ல. உண்மையாக உழைத்தவர்கள் பலர் அதில் உள்ளனர்.

ஆனால் எண்ணிக்கைக்கு மதிப்பு வந்ததும் எண்ணிக்கையைச் செய்யும் வேலையும் தொடங்கிவிட்டது. சென்னையிலுள்ள ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி பற்றி 2023 ஜூலையில் 'சயின்ஸ்' இதழ் செய்தி வெளியிட்டது. இளநிலை மாணவர்கள் சுமார் 500 பேர் நான்கு மணி நேரத் தேர்வில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். அக்கட்டுரைகளில் கல்லூரியின் முந்தைய கட்டுரைகளே மேற்கோளாகச் சேர்கின்றன. தரவரிசை உயர்கிறது என்பது அச்செய்தியின் சாரம். பணம் கொடுத்தால் எதையும் வெளியிடும் இதழ்களும், எழுதாதவரின் பெயரைக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளும் பழக்கமும் தனிக்கதை.

மதரஸாவில் ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸை எடுத்துக்கொள்ளுங்கள். உமர் (ரலி), அவர்களிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மத் பின் இப்ராஹீம், அவரிடமிருந்து யஹ்யா பின் ஸயீத் என ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரே ஓர் அறிவிப்பாளர். யஹ்யாவுக்குப் பிறகே அது பலர் வழியாகப் பரவியது. ஆயினும் அது ஸஹீஹ். காரணம், அறிவித்தவர்களின் நம்பகத்தன்மை. மறுபுறம், ஒரு பொய்யரிடமிருந்து நூறு பேர் எடுத்துச் சொன்னாலும் அந்தச் செய்தி வலுப்பெறாது. எத்தனை பேர் என்பதோடு நில்லாமல் யார் அவர்கள் என்றும் கேட்டார்கள் நம் முன்னோர். அந்த முதல் ஹதீஸ் பேசுவது நிய்யத்தைப் பற்றி என்பதும் சிந்திக்கத் தக்கது.

இன்னொரு பக்கமும் உண்டு. இலங்கை பாணந்துறையில் பிறந்த ம.மு. உவைஸ், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்கு பற்றிய தம் ஆய்வை 1953இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக இருந்தார். பீ.மு. அஜ்மல் கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். கடல் கடந்து இருவர் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்தார்களே, அதுதான் கூட்டாய்வு! சீறாப்புராணம் முதல் படைப்போர் வரை இத்துறையில் ஆய்வு செய்ய வருபவர் உவைஸைத் தொடாமல் போக முடியாது. ஆனால் ஸ்கோபஸ் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களையே பதிவு செய்கிறது. அந்தத் தராசில் வைத்தால் உவைஸின் தட்டு மேலேதான் நிற்கும். குறை தராசில்தான்.

ஆகவே அந்தச் சகோதரரிடம் நாம் நான்கு காரியங்களைச் சொன்னோம். ஒன்று, பேராசிரியரின் பெயரைக் கூகுள் ஸ்காலரில் தேடி, அவருடைய முக்கியமான கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருப்பவர்கள் யார் என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். அவரும் அவருடைய கல்லூரிக்காரர்களும் மட்டும்தானா, வெளியாட்களும் உண்டா? 2 சதவீதப் பட்டியலிலேயே சுயமேற்கோளை நீக்கிய கணக்கும் தனியாக இருக்கிறது. இரண்டு, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் உண்டா என்று பாருங்கள். மூன்று, அவரிடம் படித்து முடித்த இரண்டு பேரிடம் பேசுங்கள். அவர்களின் உழைப்புக்கு அவர்கள் பெயர் முதலில் வந்ததா என்று கேளுங்கள். நான்கு, கட்டுரை வெளியிடப் பணம் கட்டச் சொன்னால் அவசரப்படாதீர்கள். பி.எச்டி.க்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 நவம்பர் விதிகளில் நீக்கிவிட்டது. பல்கலைக்கழகத்தின் சொந்த விதி என்ன என்பதை மட்டும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

"அப்போ 2 சதவீதம்னு போட்டிருக்கறது பொய்யிங்களா?" என்றார். "பொய்யென்று சொல்லவில்லை பாய், அது போதாது என்கிறோம்" என்றோம்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சூரா ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. கல்லூரி விளம்பரமும் ஒரு செய்திதான். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அமானிதம் பேணும் ஆசிரியர்களையும் தந்தருள்வானாக! ஆமீன்.