கேள்விக்கு மட்டும் ஊரடங்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டம் கொரோனா காரணமாக ரத்து என்று ஒரு பத்திச் செய்தி போட்டு முடித்துவிட்டீர்கள். ரத்தான விதத்தை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன்.

எங்கள் ஊராட்சியில் முதல் நாள் காலையே மாரியம்மன் கோயில் திடலைக் கூட்டிப் பெருக்கி, சுண்ணாம்புப் பொடியில் ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டி, மாஸ்க் போட்டு வரச் சொல்லி ஊரைச் சுற்றியும் சொல்லியாயிற்று. பொழுது சாய்ந்ததும் கிளர்க் மொபெட்டில் வந்து, "நாளைக்குக் கூட்டம் இல்லீங்க, மேலிருந்து உத்தரவு" என்றார். உத்தரவைக் காட்டச் சொன்னால் செல்போனை நீட்டுகிறார். அதில் யாரோ யாருக்கோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. தலைவரம்மாவிடம் போனால், "எனக்கே இப்பத்தானுங்கண்ணா தெரியும். என்னைக் கேட்டா நான் யாரைக் கேட்கறது?" என்கிறார். ஜனவரியில் பதவியேற்ற ஊராட்சித் தலைவருக்கு இந்த நாட்டில் உள்ள மரியாதை அவ்வளவுதான்.

மே 1 ரத்து. சரி, அப்போது ஊரே அடைந்து கிடந்தது. ஆகஸ்ட் 15 ரத்து. அதையும் பொறுத்துக்கொண்டோம். இப்போது காந்தி பிறந்த நாளும் போயிற்று. கடைசியாகக் கிராம சபை கூடியது ஜனவரி 26-இல். இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் ஆறு மாதம் தாண்டக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. எட்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டு வரி ஆறு மாதம் தள்ளினால் எங்களை விடுவார்களா?

சரி, ஊராட்சி வேலைகளாவது நின்றிருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. டேங்க் ஆபரேட்டர் ஒரு நாள் தவறாமல் தண்ணீர் திறந்துவிடுகிறார். தூய்மைக் காவலர்கள் தொற்று வந்த வீட்டு வாசல் வரைக்கும் போய்க் குப்பை எடுத்தார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பிளீச்சிங் பவுடர், கிருமிநாசினி, கபசுரக் குடிநீர் என்று செலவும் நடந்தது, பில்லும் பாஸானது. தீர்மானப் புத்தகம் வார்டு உறுப்பினர் வீட்டுத் திண்ணைக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. என்ன தீர்மானம் என்று படித்துப் பார்க்கக் கேட்ட உறுப்பினரிடம், "அவசரமுங்க, பி.டி.ஓ. ஆபீஸுக்குப் போகணும்" என்று கிளர்க் பக்கத்தைக்கூடப் புரட்ட விடவில்லை. செலவுக்கும் கையெழுத்துக்கும் தொற்று ஒரு தடையே இல்லை. எத்தனை மூட்டை பவுடர் வாங்கினீர்கள், எந்தத் தெருவில் தெளித்தீர்கள் என்று ஊர் கூடிக் கேட்பதற்குத்தான் தடை.

கூட்டம் சேர்ந்தால் நோய் பரவும் என்றார்கள். பரவும்தான். அப்போது தினமும் 5,000 பேருக்கு மேல் தொற்று என்று கணக்கு வந்ததே, எனக்கும் தெரியும். ஆனால் டாஸ்மாக் கடை மே 7-ஆம் தேதியே திறந்தது. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும் அரசு உச்ச நீதிமன்றம் வரை ஓடிப்போய்த் தடை வாங்கி மே 16-இல் மறுபடி திறந்தது. கிராம சபைக்காக அப்படி ஓட வேண்டாம், ரத்து செய்யாமல் சும்மா இருந்தாலே போதும். செப்டம்பர் 7-லிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ராசிபுரம் பஸ் ஏறிப் பார்த்தவர்களுக்கு ஆறடி இடைவெளியின் லட்சணம் தெரியும். நூறு நாள் வேலைக்கு வருகிற அதே பெண்கள்தானே கிராம சபைக்கும் வருகிறார்கள்? ஏரிக்கரையில் வராத கொரோனா கோயில் திடலில் மட்டும் காத்துக்கொண்டிருக்கிறதா?

சட்டமன்றம் மட்டும் கூடவில்லையா? கோட்டையில் இடம் நெருக்கடி என்று கலைவாணர் அரங்கத்துக்கு மாற்றி, செப்டம்பர் 14 முதல் மூன்று நாள் நடத்தினார்கள். குளிரூட்டிய மண்டபத்தில் எம்.எல்.ஏ.க்கள் உட்காரலாம், வேப்ப மரத்தடியில் நாங்கள் உட்காரக் கூடாது. அப்போதைய முதல்வரும் மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வுக் கூட்டம் நடத்தினார். பக்கத்துச் சேலம் மாவட்டத்துக்காரர், விவசாயி என்று பெருமையோடு சொல்லிக்கொள்பவர். கிராமத்துக்காரன் வாயை மூடுவதில் அவர் அரசு காட்டிய சுறுசுறுப்புதான் வேதனை. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் காணொளியில் கூடலாம் என்று ஏப்ரலிலேயே விதி போட்டார்கள். இங்கே கலெக்டர்களோடு காணொளியில் பேசத் தெரிந்த அரசுக்கு, ஊராட்சி என்று வந்தால் தெரிந்த ஒரே வழி ரத்து.

மத்திய அரசின் புதிய வேளாண் சட்டங்களுக்கு எதிராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டுவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். செப்டம்பர் 27-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல், அக்டோபர் 2-க்குள் கிராம சபை ரத்து. சந்தேகப்படாமல் எப்படி இருப்பது? தடையை மீறிக் கூட்டம் நடத்திய தி.மு.க.வினருக்கும் ஒரு வார்த்தை. 2016-இல் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் நீங்கள். தேர்தலை நடத்தாமல் இழுத்தடித்தவர்கள் ஆளுங்கட்சியினர். நடுவில் மூன்று வருஷம் ஊராட்சிக்குத் தலைவரே இல்லாமல் கிடந்தது நாங்கள்.

நகரத்துக்காரர்கள் பாடு அப்போது இதைவிட மோசம். சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளிலும் 2016 அக்டோபரிலிருந்தே கவுன்சிலர் இல்லாமல் இருந்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு நகராட்சிகளிலும் அதே கதை. தொற்று வந்த தெருவைத் தகரம் வைத்து அடைத்தால் பால் எப்படி வரும், மாத்திரை எப்படி வரும் என்று கேட்க ஆளில்லாமல் இருந்தது. அங்கே இருந்தது தனி அலுவலர். அவர் போனை எடுத்தால் அன்றைக்கு நல்ல நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம்தான் ஆகாது, காகிதத்துக்கு என்ன? 2020 ஏப்ரலிலிருந்து ஊராட்சியில் வந்த பணம், போன பணம், யாரிடம் என்ன வாங்கினார்கள் என்ற கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டட்டும். ஆறடி தள்ளி நின்று ஒவ்வொருவராகப் படித்துக்கொள்கிறோம். ஒட்டுவதற்குப் பசை வாங்க நிதி ஒதுக்கீடு வரவில்லை என்றால் சொல்லி அனுப்பட்டும், பசை எங்கள் செலவு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.