பொங்கோலில் நெய்தல் உண்டு

பொங்கோல் என்னும் பெயர் மலாய்மொழியினின்று வந்தது. பழமரத்தின் கிளைகளை நோக்கிக் கம்பை எறிந்து கனியை வீழ்த்துதலை அச்சொல் குறிக்கும் என்பர். அவ்வூரில் இன்று வாழும் பிள்ளைகளுள் மரத்தை நோக்கி ஒரு கம்பேனும் எறிந்தவர் எத்தனை பேர்? எறிந்தால் தண்டம் விழும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எறிய வேண்டும் என்று தோன்றியவர் எத்தனை பேர் என்றே கேட்கிறேன்.

ஜூன் விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன்னர், பெற்றோர் சந்திப்பு ஒன்றில், நான்கு வாரங்களையும் பிள்ளைகளோடு எவ்வாறு கழிக்க எண்ணியிருக்கிறீர்கள் என்று வினவினேன். துணைப்பாட வகுப்பு என்றனர் பலர். கடைத்தொகுதி என்றனர் சிலர். ஜொகூர் சென்று பொருள் வாங்கி வருவோம் என்றார் ஒருவர். பொங்கோலில் வாழும் தந்தை ஒருவர் மட்டும் உண்மையான வருத்தத்தோடு, "எங்கே போவது ஐயா, இங்கே என்ன இருக்கிறது?" என்றார். அவருடைய அடுக்குமாடி வீட்டிலிருந்து கடற்கரைக்குக் கால்மணி நேரத்தில் நடந்து சென்றுவிடலாம். இக்கட்டுரை அவருக்கு நான் கூறும் விடை. அவரையொத்த தந்தையர்க்கும், அவரைக் குறைகூறும் தகுதியை இழந்துவிட்ட நம் போன்ற தமிழாசிரியர்க்கும் சேர்த்தே கூறுகிறேன்.

இங்கே என்ன இருக்கிறது? கரையோரம் கருங்கற் பாறைகள் கிடக்கின்றன. நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும் கடல் இருக்கிறது. கடலுக்கு அப்பால் ஜொகூர் தெரிகிறது. 1996-ஆம் ஆண்டு தேசிய நாள் பேரணியில் பிரதமர் கோ சோக் தோங் 'பொங்கோல் 21' திட்டத்தை அறிவிக்கும்வரை, அஃது ஊர்ப்புறமாகவே கிடந்தது. கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் கடலுணவுக் கடைகளும் அதன் அடையாளங்களாய் இருந்தன. அதற்கும் முன்னர், சிராங்கூன் சாலையில் விலங்குகளை வளர்த்துவந்த பசாப்பா என்னும் இந்தியச் செல்வர், 1928-இல் தம் விலங்குக் காட்சிச்சாலையைப் பொங்கோலுக்குக் கொண்டுசென்றார். போர் நெருங்கியபோது அந்நிலம் படைக்குத் தேவைப்பட்டது, காட்சிச்சாலை மறைந்தது. அதே கரையில், 1942 பிப்ரவரி 28 அன்று, சீன ஆடவர் நூற்றுக்கணக்கானோரை ஜப்பானியப் படை சுட்டுக் கொன்றது. அங்கே நினைவுக்கல் நிற்கிறது. நம் பிள்ளைகள் மிதிவண்டியில் அதனைக் கடந்து செல்கின்றனர், என்னவென்று கேட்பதில்லை. கேட்டால் சொல்வதற்கு உடன்வரும் பெரியவர் இல்லை.

கரைக்கு அருகே கோனித் தீவு இருக்கிறது. 1950-இல் குலாம் மகமூது என்னும் இந்திய வணிகர் அத்தீவை விலைக்கு வாங்கி, நியூயார்க்கின் கோனித் தீவு போன்ற கேளிக்கை இடமாக்க எண்ணினார். எண்ணம் நிறைவேறவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2015 அக்டோபரில் தீவு பூங்காவாகத் திறக்கப்பட்டது. சவுக்குத் தோப்பும் அலையாத்திக் காடும் புல்வெளியும் அங்குள்ளன. காலை ஏழு மணிக்குத் திறந்து மாலை ஏழு மணிக்கு வாயிலை அடைக்கின்றனர். நுழைவுக் கட்டணம் இல்லை.

தூக்கணாங்குருவியின் கூட்டை அத்தீவிலும், சற்றுத் தொலைவிலுள்ள லோரோங் ஹாலுசிலும் காணலாம். 1999-இல் மூடப்படும்வரை குப்பைகொட்டும் இடமாக இருந்தது இந்த லோரோங் ஹாலுஸ். குரங்குக்கு அறிவுரை கூறிக் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதையை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். படத்தைக் காட்டுகிறோம். கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்கிறோம். பாலத்தைக் கடந்தால் அக்கூடு காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது என்று எந்தத் தமிழாசிரியர் தம் மாணாக்கரிடம் கூறியிருக்கிறார்? நானும் நெடுங்காலம் கூறியதில்லை. எனக்கே தெரியாது.

ஐந்திணையை நாம் கற்பிக்கும் முறையும் இத்தகையதே. நெய்தலாவது கடலும் கடல்சார்ந்த இடமும் என எழுதிப்போட்டு, மரம் புன்னை, தாழை என்று பட்டியலிடுகிறோம். மாணாக்கர் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகின்றனர். புன்னையும் பூவரசும் தாழையும் சிங்கப்பூர்க் கடற்கரைக்கும் உரிய மரங்களே. அவை தமிழ்நாட்டில், அதுவும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்தவை என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையின்மேல் என்ன குற்றம்? 'அலவன்' என்றால் நண்டு என்று சொல்லித் தருகிறோம். அலவனையும் அவன் கண்டதில்லை. நண்டையும் தட்டில்தான் கண்டிருக்கிறான்.

வெளியிற் சென்று தங்குதல் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு உரியதன்று என்று கூறுவோர் உளர். 1907-இல் பேடன்பவல் இருபது சிறுவரை இங்கிலாந்தின் பிரௌன்சித் தீவுக்கு அழைத்துச் சென்று கூடாரத்தில் தங்கவைத்தார். சாரணர் இயக்கம் அங்கே அரும்பியது. அது மெய். ஆனால் அதற்கு முன்னர்த் தமிழன் வீட்டைவிட்டு வெளியேறவே இல்லையா? ஆடிப் பதினெட்டில் சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு குழந்தைகுட்டிகளோடு காவிரிக்கரைக்குச் சென்றவர்கள் யார்? காணும் பொங்கலன்று ஆற்றங்கரையையும் கடற்கரையையும் நிறைப்பவர்கள் யார்? பழனிக்கு நடந்தே சென்று வழியிற் சமைத்து உண்டு மரத்தடியில் உறங்கியவர்கள் யார்? சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையைத் திறந்து பாருங்கள். புகார்க் கடற்கரையில், புன்னை நிழலில், ஓவியத் திரையைச் சுற்றிலும் கட்டி, மேலே விதானம் விரித்து, கோவலனும் மாதவியும் அமர்ந்திருக்கின்றனர். அந்தக் கடற்கரைப் பயணம் நல்லபடியாக முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிழை பாட்டிலே நேர்ந்தது. கடற்கரை என்ன செய்யும்!

அந்த விதானத்தைக் காட்டியே மற்றொரு சாரார் என்னை மடக்கக்கூடும். இப்பொழுது மெத்தையும் விளக்கலங்காரமும் குளிர்சாதனமும் அமைத்த கூடாரங்களை வாடகைக்குத் தருகின்றனர். ஓரிரவுக்குத் தங்குவிடுதிக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, படம் எடுத்து உறவினர்க்கு அனுப்பி, பிள்ளையைக் கைப்பேசியோடு உள்ளே அமர்த்திவிடுகின்றனர். கூடாரத்தின் திரையை இழுத்து மூடிய பின், கிழக்குக் கடற்கரையாயினும் தேக்காவின் உணவுக்கடை மாடியாயினும் அப்பிள்ளைக்கு ஒன்றுதான். இதனை வெளியிடப் பயணம் என்பது, நீச்சற்குளத்தின் படத்தைப் பார்த்துவிட்டு நீந்தினேன் என்பதை ஒக்கும்.

வெயில் என்பர். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்கும் குறைவான தொலைவில் வாழும் நமக்கு ஆண்டு முழுவதும் வெயில்தான். (நம் மாணாக்கர் 'கோடை விடுமுறையில்' என்று கட்டுரை தொடங்குவதும், நாம் அதற்குச் சரிக்குறி இடுவதும் தனி வேடிக்கை. கோடையே இல்லாத நாட்டில் அந்தக் கோடை எங்கிருந்து வந்தது? பழைய பாடநூலிலிருந்து வந்தது.) மாலை நான்கரைக்குப் புறப்படுங்கள், வெயில் தாழ்ந்துவிடும். கொசுவென்பர், அதற்குத் தடவும் எண்ணெய் கடையில் உண்டு. இவற்றுக்கு இதற்குமேல் விடை கூறத் தேவையில்லை.

தேர்வு என்பதே வலிய மறுப்பு. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் அச்சம் எத்தகையது என்பதை நான் அறியாதவன் அல்லேன். 2023-ஆம் ஆண்டுக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு ஓராண்டில் ஏறத்தாழ 180 கோடி வெள்ளி செலவிடுகின்றன. செலவிடட்டும். ஆனால் அதே பிள்ளைகள் ஆறாம் வகுப்பை எட்டும்போது மூவரில் ஏறத்தாழ இருவருக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. நாளுக்கு இரண்டு மணி நேரமாவது பிள்ளைகளை வெளியில் இருக்கவிடுங்கள் என்று கண் மருத்துவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகின்றனர். ஆறு வயதுப் பிள்ளைக்கும் துணைப்பாடம் என்று ஓடும் பெற்றோரிடம், அந்த வயதில் எந்தத் தேர்வு காத்திருக்கிறது என்று கேட்டால் விடை வருவதில்லை.

பள்ளியே அழைத்துச் செல்கிறதே என்று கூறுவதும் உண்டு. அரசு உயர்நிலை மூன்றாம் ஆண்டு மாணாக்கரை ஐந்து நாள் வெளிக்களப் பயிற்சிக்கு அனுப்புகிறது. 1967-இல் உபின் தீவில் தொடங்கிய அப்பயிற்சிப் பள்ளியின் பணி பாராட்டத்தக்கது. ஆயினும் அப்பொழுது பிள்ளைக்கு வயது பதினைந்து. படகும் கயிறும் கூடாரமும் அவனுக்கு அங்கே ஆங்கிலத்தில் அறிமுகமாகின்றன. ஐந்து வயதில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்க வேண்டிய சொற்களை, பதினைந்து வயதில் அந்நியர் வாயிலாக வேற்றுமொழியில் கேட்கிறான். என் வழக்கின் உயிர்நிலை இதுவே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர் எனப்பட்டோருள், வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2010-இல் ஏறத்தாழ 37 விழுக்காடு; 2020-இல் ஏறத்தாழ 27 விழுக்காடு. பாடநூலை மாற்றினோம், கணினி வாங்கினோம், மேடை போட்டுப் பேச்சுப்போட்டி நடத்தினோம். பேசுவதற்குப் பொருள் கொடுத்தோமா? நான்கு சுவருக்குள் தந்தையும் பிள்ளையும் பேசிக்கொள்வது எத்தனை சொற்கள்? சாப்பிடு, படி, குளி, உறங்கு. இந்த நான்கு ஏவல்வினையைக் கொண்டு ஒரு மொழி எத்தனை தலைமுறை நடக்கும்?

சில ஆண்டுகளுக்கு முன் பாசிர் ரிஸ் பூங்காவில் முன்அனுமதி பெற்று ஓரிரவு தங்குவதென்று சில தமிழ்க் குடும்பங்களை அழைத்தேன். பதினான்கு குடும்பத்தார் பெயர் கொடுத்தனர். வந்தவர் நான்கு குடும்பத்தார். ஒருவர் மின்கலத்தில் ஓடும் மின்விசிறிகள் இரண்டைச் சுமந்து வந்தார். கூடாரம் கட்டத் தெரிந்தவர் எங்களில் எவரும் இல்லை. முதலில் எழுப்பியது அரைமணி நேரத்தில் சாய்ந்தது. புளிச்சோறு கொண்டுவந்திருந்தோம், பிள்ளைகள் இருவர் அதனைத் தொட மறுத்து ரொட்டி கேட்டு அழுதனர். பெரும் வெற்றியென்று நான் கூற வரவில்லை.

இருட்டிய பின் கடல் வற்றிற்று. நாகப்பட்டினத்துக் கரையிற் பிறந்து வேலைக்காக இங்கு வந்து குடியேறியவர் ஒருவர் எங்களோடிருந்தார். அதிகம் பேசாதவர். அவர் மகளுக்கு ஏழு வயது. வகுப்பில் என்னிடம் ஒருநாளும் முழுத் தமிழ் வாக்கியம் பேசியதில்லை. கைவிளக்கோடு சேற்றில் இறங்கிய அச்சிறுமி தந்தையைப் பார்த்து, "அப்பா, கடல் எங்கே போச்சு?" என்றாள். "வத்தம்மா. ராத்திரி திரும்பி வரும்" என்றார் அவர். பின்னர் நண்டு வளையைக் காட்டினார். வளையின் வாயில் உருண்டை உருண்டையாய்க் கிடந்த மணலைக் காட்டினார். நிலவுக்கும் நீருக்கும் உள்ள தொடர்பைச் சொன்னார். தம் தந்தை அந்நேரத்துக்கு எழுந்து வலையோடு புறப்பட்டதைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவ்வளவும் தமிழில் நடந்தது. எவரும் அவளைத் தமிழிற் பேசு என்று சொல்லவில்லை. 'ஓதம்', 'வற்றம்' என்னும் சொற்களை அகராதியிற் பார்த்திருந்த நான், அன்றுதான் அவற்றை ஒருவர் வாயிலிருந்து, காலடியிற் சேறு இருக்கக் கேட்டேன்.

அந்த இரவு எனக்கு மகிழ்ச்சியை மட்டும் தரவில்லை. என் பிள்ளைகள் சிறுவராயிருந்த காலத்தில் ஜூன் திங்கள்தோறும் நான் விடைத்தாள் திருத்தினேன். பயிற்சி நூல் எழுதினேன். பிறர் பிள்ளைகளின் தமிழுக்காக உழைத்தேன் என்று பெருமைப்பட்டேன். என் மகன் இன்று தன் குழந்தையோடு ஆங்கிலத்தில் பேசுகிறான். அதற்குக் கல்விக்கொள்கையைக் காரணம் காட்டி நான் பல மேடைகளில் முழங்கியிருக்கிறேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். இதனையும் பாடத்திட்டத்திற் சேர்த்து, 'கற்றற் பயணம்' என்று பெயரிட்டு, பயிற்சித்தாள் அச்சிட்டுக் கையில் கொடுத்து, நண்டைக் கண்டவுடன் கட்டத்தில் குறியிடச் சொல்லிவிடாதீர்கள். பெற்றோரை அனுப்பிவைப்பதோடு நம் வேலை முடிந்தது. முதற் பயணத்துக்குக் கூடாரமும் வேண்டியதில்லை. கடல் வற்றும் நேரத்தை ஓத அட்டவணையிற் பார்த்து, தூக்குப்பாத்திரத்தில் சோற்றைக் கட்டிக்கொண்டு, பொங்கோல் கோஸ்ட் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். 2024 டிசம்பரில் அந்நிலையம் திறந்த பிறகு, தொலைவு என்ற சாக்கும் தீர்ந்துவிட்டது.

"இங்கே என்ன இருக்கிறது" என்று கேட்ட தந்தைக்கு இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வழியையும் வரைந்து கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சென்ற கிழமை அவருடைய மகனிடம் விசாரித்தேன். இன்னும் போகவில்லையாம், தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறதாம்.