சங்கச் சிப்பந்தி தம் நோயைச் சொல்ல வேண்டுமா?

நீரிழிவு, வலிப்பு, ஆஸ்துமா, காசம் முதலிய நெடுநாள் நோய்களுள் ஒன்று சங்கச் சிப்பந்தி ஒருவருக்கு இருக்குமாயின், அதைச் சங்கத்திற்குத் தெரிவிக்க அவர் கடமைப்பட்டவரா? இக்கேள்வியை நம்மிடம் நேராக எவரும் கேட்டதில்லை. ஆண்டுதோறும் பல சங்கங்களுக்குச் சென்று கணக்கும் இருப்பும் பார்த்துவரும் நமக்கு, விடுப்புப் பதிவேட்டின் வாயிலாகவே இது தென்படும். 'சொந்த வேலை' என்று காரணம் எழுதிய விடுப்பு மாதந்தோறும் ஒரே கிழமையில் வருமாயின், அக்கிழமையில் அரசு மருத்துவமனையில் எந்த நோய்க்கு மருந்து வழங்குகிறார்கள் என்று விசாரித்தால் போதும், விஷயம் வெளியாகிவிடும். அவ்வாறு விசாரிக்கும் உரிமை நமக்கு இல்லை என்பதை நாம் கற்றுக்கொண்டது சற்றுக் காலங்கடந்தே.

சில ஆண்டுகளுக்கு முன், நெசவாளர் சங்கம் ஒன்றின் விற்பனை நிலையத்திற்கு ஆண்டிறுதி இருப்புச் சரிபார்ப்புக்காகச் சென்றிருந்தோம். ஊரும் பெயரும் இங்கு வேண்டா. காலை 9 மணிக்குத் தொடங்கிய வேலை பிற்பகல் 2 மணியாகியும் முடியவில்லை. சேலைகளை ரகவாரியாகப் பிரித்து, எண்ணி, பதிவேட்டோடு ஒப்பிட்டு வந்தோம். எண்ணி முடியும் வரையில் எவரும் வெளியே போகலாகாது என்று கட்டளையிட்டவர் நாமே. ஒரு ரகத்தில் 11 சேலைகள் குறைந்தன. ஏன் என்று கேட்டபோது விற்பனையாளருக்கு முகமெல்லாம் வியர்த்தது, கை நடுங்கிற்று, வாய் குழறிற்று. பல கையாடல்களைக் கண்டு பழகிய கண் நம்முடையது. அது உடனே தீர்ப்பும் எழுதிவிட்டது. 'விற்பனையாளரின் போக்கு ஐயத்திற்கு இடந்தருகிறது' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கையிலேயே, அவர் துணிக்கட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஓடி வந்தவர் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர். "அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு சார், நகருங்க" என்று நம்மை ஒதுக்கிவிட்டு, கையோடு கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார். கால் மணி நேரத்தில் அவர் தெளிந்து எழுந்து, முதலில் கேட்டது அந்த 11 சேலைகளைப் பற்றித்தான். கண்காட்சிக்கு அனுப்பிய சரக்கின் பட்டியல் ஒன்று பதிவேட்டில் ஏறாமல் கோப்பிலேயே கிடந்தது. பிழை அலுவலகக் குமாஸ்தாவினுடையது. நாம் எழுதிய வரியை அடித்துவிட்டோம். ஆனால் சங்கத்திற்குத் தெரியாதது தேநீர்க் கடைக்குத் தெரிந்திருந்தது எவ்வாறு என்ற கேள்வி நம்மை விடவில்லை.

அடுத்து நடந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், நோயை மறைத்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் பேசினாராம். அவர் நம்மிடம் தனியே சொன்ன விளக்கம் இது. ஒன்பது ஆண்டுகளாகத் தினக்கூலியில் இருப்பவர். நிரந்தரமாக்கும் தீர்மானம் ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டு வந்தது. அவருக்கு முன் அங்கு மூட்டை கட்டும் வேலையிலிருந்த ஒருவர், தமக்கு வலிப்பு உண்டென்று தாமாகவே தலைவரிடம் சொன்னார். "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்லியனுப்புகிறோம்" என்று அன்போடுதான் அனுப்பினார்கள். சொல்லியனுப்பும் நாள் வரவேயில்லை. இதைக் கண்ணால் கண்ட ஒருவர் தம் வாயை மூடிக்கொண்டது எவ்வகையில் குற்றம்? நம் அபிப்பிராயத்தில் அது விவேகம்.

நீரிழிவு ஒன்றும் அரிய நோயன்று. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் இந்நோய் உள்ளது என்று கணித்தது. ஆகவே ஒவ்வொரு சங்கத்திலும், ஏன், ஒவ்வொரு நிர்வாகக் குழுவிலும், இந்நோயுடையார் இருக்கவே செய்வர். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும் சிலவகை மாத்திரைகள் உட்கொள்பவருக்கும் உணவு வேளை தவறினால் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். பொய் சொல்லிப் பிடிபட்டவனுக்கும் இவையே அறிகுறிகள் என்பது நம் போன்றோர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்திருந்து, தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இவ்வளவு எளிய உதவியைப் பக்கத்திலிருக்கும் ஒருவர் அறிந்திராததால்தான் ஆபத்து.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது? வேலைக்காரர் தம் நோயனைத்தையும் முதலாளியிடம் ஒப்புவிக்க வேண்டும் என்ற பொதுவிதி நம் நாட்டில் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்பளித்தனர். அதற்கு 20 ஆண்டுகள் முன்னரே, 1997-இல், பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. தற்காலிகக் கூலியாளர் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது மருத்துவச் சோதனையில் தெரிந்ததும், நிறுவனம் அவருக்கு வேலை மறுத்தது. வேலையைச் செய்யும் உடற்தகுதி உள்ளவரை நோயின் பெயரைக் காட்டி விலக்கலாகாது என்று நீதிமன்றம் கூறிற்று. அவர் தம் பெயரை மறைத்து வழக்காடவும் இடமளித்தது. அந்நோயைப் பொறுத்தமட்டில் 2018 செப்டம்பர் முதல் தனிச் சட்டமே நடைமுறையில் உள்ளது; வேலைக்கு முன்நிபந்தனையாக அச்சோதனையைக் கேட்பதை அது தடுக்கிறது. ஆனால் எல்லா நோய்க்கும் இத்தகைய காப்பு இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன; தலசீமியாவும் பார்க்கின்சன் நோயும் அதில் உண்டு; நீரிழிவும் வலிப்பும் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. சட்டத்தின் நிழல் மெல்லியதாக உள்ள இடத்தில், சிப்பந்தி தம் நோயைச் சொல்வது சங்கத்தாரின் நற்குணத்தை நம்பித்தான்.

சொல்லியே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. சங்கத்தின் டிராக்டரை ஓட்டுபவருக்கு வலிப்பு வருமாயின், அவர் மௌனம் வயலில் நிற்பவர் உயிரோடு விளையாடுவதாகும். ஓட்டுநர் உரிமத்திற்கான உறுதிமொழிப் படிவமே அதைக் கேட்கிறது. சாயப்பட்டறையில் கொதிக்கும் தொட்டியருகே நிற்பவருக்கும் பஞ்சு அரைவையில் இருப்பவருக்கும் இதுவே பொருந்தும். எழுத்தால் கேட்கப்பட்ட கேள்விக்குப் பொய்யாக விடையெழுதுவதும் ஆகாது. கேளாதபோது சொல்லாமை வேறு, கேட்டபோது பொய்யெழுதுதல் வேறு. ஆயுள் காப்புறுதி விண்ணப்பத்தை இதனோடு குழப்பிக்கொள்ளும் அங்கத்தினர்களை நாம் கண்டதுண்டு. அங்கே உண்மையை முழுதும் சொல்லத்தான் வேண்டும். மறைத்தால் இழப்பு குடும்பத்திற்கே. காப்புறுதிக்காரரிடம் சொன்னதால் சங்கத்திடமும் சொல்ல வேண்டுமென்பதில்லை.

மற்ற இடங்களில் முடிவு நோயுற்றவருடையது. ஆயினும் முழு மௌனத்திற்கும் முழு ஒப்புதலுக்கும் நடுவே ஒரு வழியுண்டு என்பது நம் கருத்து. நோயின் பெயரைச் சொல்லாமல் வேலைக்கு வேண்டியதைச் சொல்லலாம். 'மருத்துவர் அறிவுரைப்படி பிற்பகல் 1 மணிக்கு நான் உணவு கொள்ள வேண்டும்', 'மாதம் ஒருநாள் மருத்துவமனை செல்ல வேண்டும்' என்ற அளவில் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். கூடவே, அருகில் இருந்து வேலை செய்யும் ஒருவரிடம் மட்டும், தாம் மயங்கினால் செய்ய வேண்டியதைச் சொல்லிவைக்க வேண்டும். நம் விற்பனையாளர் அந்த ஒருவராகத் தேநீர்க் கடைக்காரரைத் தேர்ந்துகொண்டார். உடன் வேலை செய்வோரில் ஒருவரைக்கூட அவரால் நம்ப இயலவில்லை என்பது அச்சங்கத்தின் இருப்புநிலைக் குறிப்பில் ஏறாத ஒரு நஷ்டம்.

இங்கேதான் அங்கத்தினர்களிடம் நமக்கு ஒரு வார்த்தை உண்டு. தனியார் ஆலையில் முதலாளி எங்கோ இருப்பார். கூட்டுறவுச் சங்கத்தில் முதலாளி யார்? பங்குத்தொகை செலுத்திய நெசவாளரும் உழவரும்தான். சிப்பந்தி தம் நோயை மறைப்பது உங்களிடமிருந்து. உங்கள் நிர்வாகக் குழுவில் மருத்துவச் சான்றிதழை உரக்கப் படிக்கும் வழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. 'இன்னாருக்கு இன்ன நோயின் பொருட்டு 15 நாள் விடுப்பு' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியும் விடுகிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது அன்று மாலையே ஊர்க் கிணற்றடியில் கேட்கும். 'மருத்துவ விடுப்பு, 15 நாள்' என்று மட்டும் எழுதினால் எந்தத் தணிக்கையிலும் குறை சொல்ல இடமில்லை. சான்றிதழை ஒட்டிய உறையிலிட்டுச் செயலாளரின் பூட்டிய அலமாரியில் வைக்கட்டும்.

நெசவாளர் அங்கத்தினரின் நிலையும் இதற்கு அயலானதன்று. காசம் என்று தெரிந்தால் சங்கத்தில் பாவு கொடுக்கமாட்டார்கள் என்று அஞ்சி, இருமலோடு தறிக்குழியில் இறங்குவோர் உளர். மருந்துக்குப் போனாலே ஊருக்குத் தெரிந்துவிடும் என்று போகாமலே இருப்பதுதான் இதில் கொடிது. மருந்துண்ணாதவரிடமிருந்தே நோய் பரவுகிறது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்துண்ட நோயாளிகளையும் சானடோரியத்தில் வைத்துப் பார்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டு 1959-இல் முடிவை வெளியிட்டது. நெருக்கமான குடிசைகளில் வீட்டாரோடு இருந்து மருந்துண்டவரின் குடும்பத்தாருக்கு, மற்றவரின் குடும்பத்தாரைவிட மிகுதியான ஆபத்து நேரவில்லை. உலகமே அதன்பின் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. இன்று சாதாரண வகைக் காசத்திற்கு 6 மாத மருந்து, அரசு செலவில். ஊட்டத்திற்கென மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக்கப்பட்டது. இவ்வளவும் இருக்க, பாவை நிறுத்தும் சங்கம் நோயைத் தடுக்கவில்லை, மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது.

மூன்றே சிப்பந்திகள் உள்ள சிறு சங்கம் ஒருவருடைய நெடுநோயை எவ்வாறு தாங்கும் என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். ஈ.எஸ்.ஐ. திட்டத்துள் வரும் சங்கமாயின் அதன்வழிப் பயன்கள் உண்டு. சிப்பந்திகள் மிகக் குறைந்த சங்கங்கள் பல அதற்குப் புறத்தே நிற்கின்றன. ஆறு மாதம் ஒருவர் வராவிட்டால் கணக்கு தேங்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. தேங்கிய கணக்கைப் பார்ப்பவரும் நாமே. ஆனால் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்து 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டு வாயிலுக்கே வருகிறது. பெரும்பாலான நெடுநோயாளிகள் சங்கத்திடம் கேட்பது ஆறு மாத விடுப்பன்று. ஒரு மணிக்குச் சோறு.

அந்த விற்பனை நிலையத்திற்கு நாம் மறுபடி சென்றபோது வாயிலில் ஒரு பலகை தொங்கிற்று: 'உணவு இடைவேளை 1 மணி முதல் 1.45 வரை.' எல்லாச் சிப்பந்திகளுக்கும் பொதுவாக வைத்ததால் காரணம் எவரும் கேட்கவில்லையாம். சரிபார்ப்பை நாமும் அந்நேரத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனோம். அவரை நிரந்தரமாக்கும் தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை. பொதுப்பேரவைக் கூட்டம் அடுத்த மாதம் என்று சொன்னார்கள்.