முதல் தப்பு பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும்

பித்தப்பையில் கல். "லேப்ராஸ்கோபிதான். சின்னதா மூணு, நாலு ஓட்டை. சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாம்" என்கிறார் டாக்டர். நோயாளியும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார். கருவியைப் பிடிக்கப்போகும் பி.ஜி. டாக்டருக்கு இது எத்தனையாவது ஆபரேஷன் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

கேட்கவேண்டிய கேள்விதான். வயிற்றைத் திறந்து செய்வதும் இதுவும் கைக்கு ஒரே வேலை இல்லை. நீளமான கருவி வயிற்றுச் சுவரில் போட்ட துளை வழியாக நுழைகிறது. அதனால் கையை இடப்பக்கம் நகர்த்தினால் உள்ளே நுனி வலப்பக்கம் போகும். பார்ப்பதோ தட்டையான திரையில். ஆழம் சரியாகத் தெரியாது. தொட்டு உணர்வதும் குறைவு. இதெல்லாம் பழக நாளாகும். அந்த நாட்கள் நோயாளியின் வயிற்றுக்குள் கழியணுமா, ஒரு பெட்டிக்குள் கழியணுமா என்பதுதான் விஷயம்.

2002-ல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று பிரபலம். 16 பயிற்சி மருத்துவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கணினி சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு எல்லோரும் நிஜ ஆபரேஷனில் பித்தப்பையைப் பிரித்தெடுத்தார்கள். சிமுலேட்டரில் பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். வேகத்தை விடுங்கள், பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, தொடக்கூடாத திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் ஒதுக்கித்தள்ள முடியாத வித்தியாசம்.

அமெரிக்காவில் 2010 வாக்கிலிருந்து, லேப்ராஸ்கோபி அடிப்படைத் தேர்வில் தேறாமல் பொது அறுவை சிகிச்சை நிபுணர் சான்றிதழ் கிடையாது. அதன் செய்முறைப் பகுதி நடப்பது விலை உயர்ந்த மெஷினில் அல்ல, சாதாரணப் பயிற்சிப் பெட்டியில். சின்னப் பொருட்களை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றணும், துணியில் வட்டமாக வெட்டணும், உள்ளேயே முடிச்சுப் போடணும். எல்லாம் நேரக் கணக்கோடு.

ஆக, 'காசில்லை' என்ற சாக்கு இங்கே எடுபடாது. ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மொபைல் கேமரா, பழைய கருவிகள் இரண்டு இருந்தால் ஹாஸ்டல் அறையிலேயே பழகலாம். இந்தியாவில் மருத்துவக் கல்லூரிகளுக்குத் திறன் ஆய்வகம் கட்டாயம்தான். ஆனால் அறை இருப்பது வேறு, அதில் ஆள் இருப்பது வேறு. 24 மணி நேரம், 36 மணி நேரம் என டியூட்டி பார்த்துவிட்டு வருபவரிடம் 'போய் பிராக்டிஸ் பண்ணு' என்றால், அவர் தூங்கத்தான் போவார்.

பெட்டிக்குள் ரத்தம் பீறிடாது, நிஜம்தான். பித்தக்குழாய் எதிர்பாராத இடத்தில் இருக்காது. எப்போது நிறுத்திவிட்டு வயிற்றைத் திறக்கணும் என்ற முடிவை அது சொல்லித்தராது. அதையெல்லாம் தியேட்டரில், சீனியர் பக்கத்தில் நின்றுதான் கற்கணும். கையே திணறிக்கொண்டிருந்தால் அதைக் கவனிக்க மூளைக்கு ஏது இடம்?

எனவே பயிற்சி நேரத்தை டியூட்டி பட்டியலிலேயே எழுதணும், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது. கூட உட்கார்ந்து தப்பைச் சொல்ல ஒரு சீனியரின் பெயரும் அதில் இருக்கணும். பெட்டித் தேர்வில் தேறும்வரை, ஆபரேஷனில் பி.ஜி. டாக்டர் கேமரா மட்டும் பிடிக்கட்டும்.