பெயர்ப் பிழையை எழுதியவர்களே திருத்தட்டும்

2023 ஆகஸ்ட் இறுதியில் அரசாங்க மின்னஞ்சல் கட்டமைப்பு சைபர் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தன. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. பயன்பாட்டில் இருந்தது 2013ஆம் ஆண்டு மென்பொருள். 2021 முதலே புதுப்பிக்கத் திட்டமிட்டும் நிதியில்லாமல் தாமதமானதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே கூறியது.

அமைச்சரவைக்கே இந்தக் கதியென்றால், கொழுந்து பறிக்கும் பெண்ணின் கணக்கு எந்த நிலையில் கிடக்கிறது என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதிக்கு எமது சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படுகிறது. நிர்வாகம் 12 வீதம் செலுத்த வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. பணமும் கணக்கும் மத்திய வங்கியில். நிர்வாகம் தொழில் திணைக்களத்தில். ஆனால் எல்லாவற்றுக்கும் மூலம் தோட்ட ஆபீஸ் செக்ரோல். அதில் கிளாக்கரின் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. லெட்சுமி என்ற பெயரில் ஆங்கில எழுத்து ஒன்று மாறினாலே கணனிக்கு அவர் வேறு ஆள். போதாக்குறைக்கு அடையாள அட்டை இலக்கமும் 2016 முதல் 12 இலக்கமாகிவிட்டது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போவதற்கு முன்பே பெயர் பதிந்தவர்களும் இப்போது ஓய்வு பெறுகிறார்கள்.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பணம் கேட்கும்போதுதான் பிழை வெளியே வருகிறது. பிறகு கிராம உத்தியோகத்தர் கடிதம், சத்தியக் கடதாசி, ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ். இன்னும் வேலையில் இருப்பவருக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் பேர் போகிறது. பிழையை எழுதியவர் யார், அலைபவர் யார்?

எல்லாம் டிஜிட்டல் ஆகப்போகிறது என்கிறார்கள். வரட்டும், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பிழையான பெயரைப் புதிய கணனியில் ஏற்றினால் பிழை நிலைத்துவிடும், அவ்வளவுதான். ஏற்றுவதற்கு முன் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்கள் தோட்டம் தோட்டமாக வந்து செக்ரோல், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கணக்கு மூன்றையும் ஒப்பிட வேண்டும். திருத்தச் செலவு நிர்வாகத்துடையது. பழைய செக்ரோல்களைக் கரையானுக்கு விடவும் கூடாது. 2023இல் அந்த மூன்று மாதத்துக்கும் மேலான தரவுகளுக்குப் பாதுகாப்புப் பிரதி இருக்கவில்லை. எமது உழைப்புக்கு அந்தக் கடதாசிகள்தான் பிரதி.

45 வயதைக் கடந்த அங்கத்தவர்கள் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டாம். பி அட்டை, அடையாள அட்டை, கணக்குக் கூற்று மூன்றையும் தோட்டத் தலைவர், தலைவிமாரிடம் இந்த மாதமே காட்டுங்கள். பிழை இருந்தால் துரைக்கு எழுத்தில் கொடுத்து, திகதியுடன் கையொப்பம் வாங்குவோம். ஒரு பிரதி சங்கக் காரியாலயத்தில் இருக்கும்.