கல்லன்று, உயிர்

சென்ற கோடை விடுமுறையில் தூத்துக்குடியினின்று வேம்பார், சாயல்குடி, கீழக்கரை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடும்பமாகப் பயணித்து, பாக் விரிகுடாக் கரையிலுள்ள பிரப்பன்வலசையை அடைந்தோம். கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் சற்றுத் தொலைவு சென்றபின், நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து கடலுள் முகம் கவிழ்த்தோம். பவளப்பாறைகளையும் அவற்றினிடையே திரியும் வண்ண மீன்களையும் கண்டு, படைத்தவரின் கைவண்ணத்தை வியந்தோம்.

களைத்துப்போன எங்கள் மகன் ஒரு பாறைமீது காலூன்ற முனைந்தான். உடன் வந்த மீனவர், "தம்பி, கால வைக்காதீங்க! அது கல்லு இல்ல, உசிரு" என்று பதறினார்.

உண்மைதான். நுண்ணிய உயிரினங்கள் சுண்ணத்தால் தமக்குக் கட்டிக்கொள்ளும் வீடே பவளப்பாறை. உருண்டைப் பவளம் ஓராண்டில் வளர்வது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே. அதனை வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் நம்மவர் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தனர். அதனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி எனும் இரண்டு நீரில் மூழ்கின. 1986இல் இத்தீவுப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2001 முதல் பவளம் எடுத்தல் சட்டப்படி குற்றம். ஆயினும் கடல்நீர் சூடேறினால் பவளம் வெளிறி மடிகின்றது. 2016இல் இங்கு அவ்வாறே நேர்ந்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலிலும் பவளப்பாறைகளின் அழிவை எண்ணி வருந்தியுள்ளார்.

அன்றிரவு குடும்பச் செபத்தில் எங்கள் மகன், "கடலுக்காகவும் மன்றாடுவோம்" என்றான். அவன் வைக்கவிருந்தது ஒரு காலடி. மன்னிப்பு வேண்ட வேண்டியவர்கள் பெரியோராகிய நாமே அல்லவா?